பேனலுக்கும் சூரியனுக்கும் நடுவுல

ஆஃப் பண்ணுங்க சார், மொதல்ல வண்டியை ஆஃப் பண்ணுங்க. அந்த வேப்பமரத்துக்கு அந்தாண்ட தள்ளி நிறுத்திட்டு வாங்க. நேரா கடை வாசல்ல வந்து நின்னு முறுக்கறீங்களே. மேல மாடியில பேனல் இருக்கு சார். சோலார் பேனலு. புகை நேரா அங்க போய்த்தான் உக்காருது.

ஆங், இப்ப வாங்க. இன்னா, புகை சர்டிபிகேட்டா? பழசு முடிஞ்சி போச்சா, இல்ல வழியில நிறுத்திட்டாங்களா? நிறுத்தினாத்தான் சார் நம்ம கடை ஞாபகமே வரும் எல்லாருக்கும். உக்காருங்க. நம்பரைச் சொல்லுங்க... இம்... சர்வர் சுத்துது. காலையில இருந்து சுத்திக்கினே இருக்கு. பத்து நிமிஷம், கால் மணி நேரம் ஆவும். வண்டிக்கு எத்தினி வயசு? இருபத்திரெண்டா! அப்பா ஓட்டுன வண்டியா? அதான் அந்தப் புகை. பரவால்ல, வெச்சிக்கோங்க. பாஸ்தான். கவலையே படாதீங்க.

ஐயய்ய, அந்த டைலைத் தொடாதீங்க சார்! கை கருப்பாயிடும். பார்த்தீங்களா, ஆயிடுச்சி. இந்தாங்க, இந்தத் துணியில துடைங்க. தண்ணி ஊத்தினாப் போவாது, எண்ணெய்ப் பிசுக்கு அது. பேப்பரு பறக்காம இருக்கட்டும்னு வெச்சிருக்கேன். அந்த டைலுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு. சொன்னா நீங்களே சொல்வீங்க, துளசிங்கம், உனக்கு இப்படி ஒரு சோதனை வந்திருக்கக் கூடாதுடான்னு.

இன்னா, வண்டியைக் கொண்டாந்து சைலன்சர்ல டெஸ்ட் குழாய் விட வேணாமான்னு கேக்கறீங்களா? சிரிப்பு மூட்டாதீங்க சார். அதோ ஷெட்டுல நிக்குது பாருங்க வெள்ளைக் காரு. என் மச்சானுது. அவரு துபாய்ல இருக்காரு. வாங்கி ரெண்டு வருஷம், ரோட்டைப் பார்த்ததே இல்ல. பக்கத்துல நிக்கறது என் வீட்டுக்காரம்மா ஸ்கூட்டி, அவ அதைக் கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பா. டீசல் வண்டி வந்தா காருல குழாய், பெட்ரோல் வண்டி வந்தா ஸ்கூட்டியில குழாய். வந்த வண்டியோட நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ, உங்களுது நீங்க வரச்சொல்லவே எடுத்துட்டேன். முடிஞ்சிது. இந்த ரோட்டுல ஓடற அத்தினி வண்டிக்கும் பதிலா இது ரெண்டும்தான் பரீட்சை எழுதுது. பதினோரு வருஷமாக் கடை வெச்சிருக்கேன், ஒருத்தனையும் ஃபெயிலுன்னு சொல்லித் திருப்பி அனுப்பினது இல்ல. இந்த வாயில அந்த வார்த்தை வராது. எல்லாரும் பொழைக்கறவங்கதானே சார்?

சரி, கதைக்கு வரேன். போன சித்திரையில போட்டேன் பேனலு. மூணு கிலோவாட், ஆறு பேனலு. எனக்கு ஒன்னும் தெரியாது, எல்லாம் எங்க மருமவ ஜெயசுதா யோசனை. செய்யாறு பக்கத்துப் பொண்ணு, பி.எஸ்சி. படிச்சிருக்கு. "மாமா, கரன்ட் நாமளே எடுத்துக்கலாம், காத்தும் கெடாது"ன்னு சொல்லிச்சி. காத்து கெடாதுன்னு சொன்னதும் எனக்கும் ரொம்பப் பிடிச்சி போச்சி. நம்ம தொழிலே காத்தைச் சுத்தமா வெச்சிக்கறதுதானே? வெளிய போர்டுல பச்சை கலருல எலை எல்லாம் போட்டு எழுதி வெச்சிருக்கேன் பாருங்க.

போட்ட புதுசுல இன்னா ஓட்டம் ஓடிச்சி தெரியுமா? ஒரு நாளைக்கி பதிமூணு யூனிட்டு! ஜெயசுதா போன்ல ஒரு ஆப் போட்டு வெச்சிருக்கு. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எவ்வளோ கரன்ட் வருதுன்னு கோடு போட்டுக் காட்டும். மலை மாதிரி ஏறும், எறங்கும். பேத்தி சம்யுக்தா, அஞ்சு வயசு, நாங்க சம்முன்னு கூப்பிடுவோம், அது ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால அந்தக் கோட்டைப் பார்த்துட்டு "தாத்தா, இன்னைக்கி சூரியன் பாஸு"ன்னு சொல்லும். அதுக்கு எல்லாமே பாஸ், ஃபெயிலுதான். ஸ்கூல் விட்டு வந்ததும் இந்த மேஜை மேல ஏறி உக்காந்துக்கும். சர்டிபிகேட்டுல சீல் குத்தறது அதான். ஒவ்வொரு லாரிக்காரனையும் கேக்கும், "அண்ணா, உங்க வண்டி பாஸா ஃபெயிலா?" நான் சொல்றதுக்கு முன்னால அதுவே "பாஸ்!"னு சொல்லி டமால்னு குத்தும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் சார் எனக்கு நாளு நகரும்.

அப்பால எறங்க ஆரம்பிச்சிது பாருங்க. ஐப்பசி மழை வரைக்கும் பரவால்ல. மழை நின்னுது, பதிமூணு பதினொண்ணாச்சி. மார்கழியில ஒம்பது. தை பொறக்கச்சொல்ல ஏழு. ஏழு சார்! வெயில் இல்லியான்னா இருக்கு. ஆனா ஒரு மாதிரி பழுப்பு வெயிலு, டீத்தண்ணி மாதிரி.

எனக்கு மொதல் சந்தேகம் பேனல் வித்தவன் மேல. டூப்ளிகேட்டைக் கட்டிட்டான்னு போன் பண்ணிக் கத்தினேன். ரெண்டாவது சந்தேகம் காக்கா. மூணாவது சந்தேகம்தான் பேபியம்மா.

பேபியம்மா யாருன்னா, நமக்கு ரெண்டு கடை தள்ளி ஓரமா இட்லி போட்டுக்கினு இருந்தவங்க. விறகு அடுப்பு. காலையில அஞ்சு மணியில இருந்து பத்து மணி வரைக்கும் புகை. நான் கண்டுபுடிச்சிட்டேன். இதான், இதான் என் பேனலைத் தின்னுதுன்னு. நல்லபடியாத்தான் சொன்னேன், "அம்மா, காத்து கெட்டுப் போவுது, அடுப்பை மாத்து." அந்த அம்மா கரண்டியை வெச்சிக்கினு என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு இன்னா சொல்லிச்சி தெரியுமா? "லாரிக்கெல்லாம் அடிச்சிக் குடுக்கறியே நைனா, என் அடுப்புக்கும் ஒரு சர்டிபிகேட்டு அடிச்சிக் குடேன், மாட்டிக்கறேன்"னு. சாப்பிட்டுக்கினு இருந்தவன் எல்லாம் சிரிக்கிறான். படிப்பறிவு இல்லாத ஜனம் சார். அடுப்புக்கெல்லாம் ஃபாரமே கெடையாது, எப்படிக் குடுக்கறது? நான் சொல்ல வேண்டிய இடத்துல சொன்னேன். வந்தாங்க, அடுப்பைத் தூக்கிக்கினு போனாங்க. இப்ப அந்த அம்மா எங்க போச்சோ தெரியல. இட்லி நல்லா இருக்கும், அதை மட்டும் சொல்லணும்.

யூனிட்டு ஏறிச்சா? எங்க ஏறிச்சி. மறுநாளு ஆறே முக்கா.

அப்பத்தான் பேனல் கம்பெனியில இருந்து ஒரு என்ஜினீயர் பையன் வந்தான். பெனடிக்ட்னு பேரு. தூத்துக்குடி பக்கம். மாடிக்கு ஏறினான். நானும் ஜெயசுதாவும் கூடப் போனோம். பையில இருந்து வெள்ளைக் கர்ச்சீப்பை எடுத்து பேனல் மேல ஒரு இழு இழுத்தான். கர்ச்சீப் போச்சி. ஆறு பேனல்ல ஒன்னை மட்டும் நல்லாக் கழுவிட்டு, மெஷினை வெச்சிக் கழுவுனது எவ்வளோ குடுக்குது, கழுவாதது எவ்வளோ குடுக்குதுன்னு பார்த்தான். கழுவாதது மூணுல ஒரு பங்கு கம்மி. "சார், இது மண்ணு இல்ல, டீசல் கரி. பிசின் மாதிரி ஒட்டிக்கும். மழை பேஞ்சாலும் முழுசாப் போவாது"ன்னான்.

"சரிப்பா, கழுவிட்டாப் பதிமூணு வந்துடுமா?"ன்னு கேட்டேன்.

"வராது சார். அழுக்கு ரெண்டு எடத்துல இருக்கு. ஒன்னு பேனல் மேல. இன்னொன்னு பேனலுக்கும் சூரியனுக்கும் நடுவுல. மேல இருக்கறதை நீங்க துடைச்சிடலாம். நடுவுல இருக்கறதை யாரு துடைக்கறது?" அப்படின்னுட்டு மாடிச் சுவத்துமேல கை வெச்சி எட்டிப் பார்த்தான். கீழ கண்டெய்னர் லாரி வரிசை நிக்குது, துறைமுகத்துக்குப் போறது, நம்ம வாசல்ல இருந்து அந்தப் பாலம் வரைக்கும். எல்லாம் கருப்பா ஊதிக்கினு நிக்குது. "கீழ இருக்கற புகை டெஸ்ட் கடை உங்களுதா சார்?"னு கேட்டான். ஆமாம்ப்பான்னேன், பெருமையா. சிரிச்சான் சார். எதுக்குச் சிரிச்சான்னு இன்னைக்கி வரைக்கும் எனக்குப் புரியல. ஜெயசுதா சிரிக்கல. அது அந்தக் கர்ச்சீப்பையே பார்த்துக்கினு இருந்திச்சி.

ஏன்னா, அந்த மார்கழியில இருந்துதான் சம்முவுக்கு இழுப்பு. காலையில எழுந்ததும் இருமலு, நெஞ்சு விசில் அடிக்கும். நான் ஐஸ்கிரீம்னு சொன்னேன். என் வீட்டுக்காரம்மா கண்ணு பட்டுடிச்சின்னு சொல்லி சூடம் ஏத்திச் சுத்திப் போட்டுச்சி. டாக்டரு ரோட்டுப் புகைன்னாரு. அந்தப் பெனடிக்ட் வேற எறங்கச்சொல்ல ஜெயசுதாகிட்ட ஒரு வார்த்தை விட்டுட்டுப் போனான்: "அக்கா, பேனல்ல படியறதை நாம பார்க்கறோம், நெஞ்சுல படியறதைப் பார்க்கறதில்ல. அவ்வளோதான் வித்தியாசம்." வந்த வேலையைப் பார்த்துட்டுப் போவாம, எதுக்கு சார் இந்தப் பேச்சு?

பொங்கல் முடிஞ்ச மறுநாளு பாப்பாவைக் கூட்டிக்கினு அம்மா வீட்டுக்குப் போவ பெட்டியைக் கட்டிடுச்சி ஜெயசுதா. என் பையன் கோபி ஒரகடத்துல ஒரு பேக்டரியில ஷிப்ட் பாக்கறான், அவன்தான் பெட்டியைத் தூக்கிக் குடுத்தான். நான்தான் கேட்டேன், "எப்பம்மா வருவீங்க?"

"மாமா, நீங்க பேனலைத் தொடாதீங்க. கழுவாதீங்க. பத்து நாளு அது தானா பன்னெண்டுக்கு மேல குடுக்கட்டும். என் போன்ல தெரியும். அன்னைக்கி காத்து நல்லாயிடுச்சின்னு அர்த்தம். பாப்பாவைக் கூட்டிக்கினு வந்துடறேன்."

அப்படிச் சொல்லிட்டுப் போயிடுச்சி. வீடு வெறிச்சின்னு ஆயிடுச்சி சார். சீலை நானே குத்தறேன், சத்தமே வரல. மேஜை மேல அது உக்கார்ற எடத்துல பேப்பரை வெக்கவும் மனசு வரல. பாதிச் சோத்துலயே எழுந்துடுவேன். நான் பொய் சொல்லல, ரெண்டு மாசத்துல அஞ்சு கிலோ எறங்கிட்டேன்.

காத்து நல்லாவணும்னா நான் இன்னா சார் பண்ண முடியும்? இந்த லாரிக்காரனுங்களைப் பார்க்கறீங்களே. இவனுங்களை எல்லாம் எவன் ரோட்டுல ஓட விடறான்னே தெரியல. ஒருத்தனுக்காவது பொறுப்பு இருக்கா? நாட்டைப் பத்தி ஒருத்தனுக்கும் அக்கறை இல்ல.

அதனால கழுவினேன்.

ஆமாம் சார், கழுவினேன். காலையில அஞ்சு மணிக்கி எழுந்து, யாரும் பார்க்கறதுக்கு முன்னால, பழைய வேட்டியைக் கட்டைத் துடைப்பத்துல சுத்தி, பாத்திரம் வெளக்கற லிக்விட் போட்டு ஆறு பேனலையும் தேய்ச்சேன். தினமும். சாமிக்கிக்கூட நான் அப்படி அபிஷேகம் பண்ணது இல்ல. மாசியும் பொறந்துடுச்சி, மேல மூட்டம் கொஞ்சம் கலைஞ்சிது. யூனிட்டு எட்டு, பத்து, பதினொண்ணரை, பன்னெண்டேகால்! ஜெயசுதா போன் பண்ணுது, "இன்னா மாமா, ஏறுதே?" நான் சொன்னேன், "ஆமாம்மா, லாரியை எல்லாம் வேற ரோட்டுல திருப்பி விட்டுட்டாங்க, காத்து ஜிலுஜிலுன்னு இருக்கு"ன்னு. சொல்லச்சொல்லவே பின்னாடி ஒருத்தன் ஏர் ஹாரன் அடிக்கறான். "அது டிவிம்மா"ன்னேன்.

பத்து நாளு. பத்து நாளும் பன்னெண்டுக்கு மேல. பதினோராம் நாளு பாப்பா வந்து எறங்கிச்சி. வந்ததும் வராததுமா மேஜை மேல ஏறி சீலை எடுத்து நாலு லாரிக்குக் குத்திச்சி. அன்னைக்கி நான் ரெண்டு ஆழாக்கு சோறு சாப்பிட்டேன்.

மூணு நாளுதான் சார்.

நாலாம் நாளு காலையில மூச்சு விட முடியல அதுக்கு. உதடு நீலமா ஆயிடுச்சி. கோபி பைக்ல போட்டுக்கினு பறந்தான். நான் பின்னாலயே ஆட்டோ புடிச்சிப் போனேன். ஆஸ்பத்திரியில கட்டில்ல உக்காத்தி வெச்சி, மூஞ்சில மாஸ்க்கை மாட்டி, அதுல ஒரு குழாய், அந்தாண்ட ஒரு மெஷினு, கொர்ருன்னு ஓடுது. உள்ள புகை மாதிரி மருந்து போவுது. என்னைப் பார்த்ததும் அது மாஸ்க்கை லேசா எடுத்துட்டு, மூச்சு வாங்கிக்கினே கேட்டுச்சி, "தாத்தா, எனக்கும் குழாய் வெச்சிட்டாங்க. நான் பாஸா ஃபெயிலா?"

பாஸுடா கண்ணு, பாஸுன்னேன்.

வேற இன்னா சார் சொல்றது?

...இருங்க. ஒன்னும் இல்ல. சர்வர் வந்துடுச்சான்னு பார்த்தேன். இன்னும் சுத்துது.

அன்னைக்கி மத்தியானம் ஜெயசுதா மட்டும் துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்திச்சி. கூடவே கோபி. நான் கடையில ஒரு டிரைலர் லாரிக்காரனுக்கு பேப்பர் போட்டுக்கினு இருந்தேன். ரெண்டு பேரும் நேரா மாடிக்குப் போனாங்க. அஞ்சு நிமிஷத்துல எறங்கி வந்தாங்க. ஜெயசுதா கையில இந்த டைலு.

விசயம் இன்னான்னா, பொங்கலுக்கு மறுநாளு ஊருக்குப் போறதுக்கு முன்னாலயே, பாத்ரூமுக்குப் போட்டு மீந்த வெள்ளை டைல் ஒன்னை எடுத்து, பின்னாடி பேனாவால தேதி எழுதி, கோபியை ஏணி போட்டு ஏறச் சொல்லி, படிக்கட்டு ரூம் இருக்கு பாருங்க, அதுக்கு மேல வெச்சிட்டுப் போயிருக்கு. எனக்குத் தெரியாது. நான் தினமும் பேனலைத் தேய்க்கறேன், தலைக்கு மேல அது பாட்டுக்கு எல்லாத்தையும் வாங்கிக்கினு உக்காந்திருக்கு. மாமனாரை நம்பாத மருமவ சார். எப்படி இருக்கு பாருங்க! நான் எவ்வளோ பாசமா இருந்தேன்.

கத்தல அது. கத்தி இருந்தாத் தேவல. டைலை இங்க, இதே எடத்துல வெச்சிச்சி. ஒரு வெரலால நடுவுல ஒரு கோடு இழுத்திச்சி. அந்தக் கோடு மட்டும் வெள்ளை. லாரிக்காரன் எட்டிப் பார்க்கறான். "மாமா, பேனலைக் கழுவிட்டீங்க. பாப்பாவை எப்படிக் கழுவறது?"ன்னு கேட்டுச்சி. அப்பறம் ஷெட்டுப் பக்கம் திரும்பி அந்தக் காரைப் பார்த்திச்சி, காருல சொருவி இருக்கற குழாயைப் பார்த்திச்சி, நின்னுக்கினு இருந்த டிரைலரைப் பார்த்திச்சி. "ஒரு நாளாவது அந்தக் குழாயை அந்த லாரியில விட்டுப் பாருங்க மாமா"ன்னு சொல்லிச்சி. நான் இன்னா பண்றது? குழாய் அவ்வளோ தூரம் எட்டாது. அதைச் சொன்னேன். அதுக்குக் கோவம் வந்து கண்ணுல தண்ணி வந்துடுச்சி. படிச்ச பொண்ணு, ஆனா நடைமுறை தெரியல.

போவச்சொல்ல சொல்லிட்டுப் போச்சி: "இதைக் கழுவி அதே எடத்துல வைங்க. முப்பது நாளு. முப்பதாம் நாளு அவரு ஏறிப் பார்த்து போட்டோ எடுத்து அனுப்புவாரு. வெள்ளையா இருந்தா நானே பாப்பாவைக் கூட்டிக்கினு வரேன். இல்லன்னா இந்த வீட்டுப் பக்கமே நாங்க வர மாட்டோம். அவருக்கும் ஊருப் பக்கம் வேலை பார்க்கச் சொல்லிட்டேன்." கோபி தலையைத் தொங்கப் போட்டுக்கினு நிக்கறான். ஒரே பையன் சார். அவனும் போயிட்டான்னா நானும் என் வீட்டுக்காரம்மாவும் இந்த ரோட்டைப் பார்த்துக்கினு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

பாப்பா தேறி இப்ப அம்மாவோட செய்யாறு பக்கம் இருக்கு. டைலு வெச்சி இருபத்தொம்பது நாளு ஆவுது. நாளைக்கித்தான் முப்பது. ராத்திரி ஷிப்ட் முடிச்சிட்டு காலையில வந்து கோபி ஏறுவான்.

இன்னா கேக்கறீங்க? மேல இருக்க வேண்டிய டைலு எப்படி மேஜை மேல இருக்குன்னா? நல்லாக் கேட்டீங்க போங்க. கவனமாத்தான் கேட்டுக்கினு இருக்கீங்க.

கழுவினேன். நானே ஏணி போட்டு ஏறி வெச்சேன். ஒரு வாரம் கழிச்சி ஏறிப் பார்த்தா பழையபடி அம்மாவாசை. ஒரு வாரத்துல சார்! மூணு வாரம் போனா இன்னா ஆவும்? எடுத்துக்கினு எறங்கச்சொல்ல ஏணி வழுக்கிடுச்சி. இதோ பாருங்க, முட்டியில கட்டு. டாக்டர் ஏணி பக்கமே போவாதேன்னுட்டாரு. ஆனா சும்மா உக்காரல நானு. நொண்டிக்கினே மூணு கடை ஏறி எறங்கி, அதே கம்பெனி, அதே வெள்ளை, அதே சைஸு, ஓரத்துல அந்தச் சின்னப் பூ இருக்கு பாருங்க, அது மொதக்கொண்டு அதே டைலு வாங்கிட்டேன். இந்த டிராயருல இருக்கு. இருங்க காட்டறேன்.

எப்படி? அச்சு அசல் இல்ல? பின்னாடி பாருங்க, தேதி. ஜெயசுதா கையெழுத்து மாதிரியே போட்டிருக்கேன். தேதி எழுதறது நமக்கு இன்னா புதுசா? ஆனா அது கெட்டிக்காரி சார், பளபளன்னு இருந்தா சந்தேகப்படும். அதனால லேசா, ரொம்ப லேசா கொஞ்சம் விபூதியை ஊதி விட்டிருக்கேன். நல்ல ஊருல முப்பது நாளு இருந்தா எவ்வளோ தூசி படியுமோ, அவ்வளோ. யோசிச்சி செய்யறதுன்னா இப்படிச் செய்யணும்.

இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி போவுது? பாப்பா திரும்பி வந்தா மறுபடியும் இழுக்காதான்னா?

...

இழுக்கலாம். இழுக்காமலும் போவலாம். இந்த வாட்டி ஜன்னலை எல்லாம் சாத்திடுவோம். கடைப் பக்கம் விட மாட்டேன். இல்லன்னா ஏசி போட்டுடறேன், சோலார் கரன்ட்தானே. நீங்க வேற சார், அதையே கேக்கறீங்க. அது வந்தாப் போதும் எனக்கு. வந்து ஒரு தடவை அந்த சீலைக் குத்தட்டும். அதுக்கு அப்பறம் வர்றதை அப்பறம் பார்த்துக்கலாம்.

வந்துடுச்சி! சர்வர் வந்துடுச்சி பாருங்க. பேச்சுக்கு நடுவுல தானா வந்துடுச்சி. உங்க நம்பரு... அப்பா பேருலதான் இருக்கு... ஆங். ஸ்கூட்டி ஓடுது, கேக்குதா சத்தம்? நல்லா எழுதுது பரீட்சை. உங்க வண்டி எவ்வளோ புகை விடுதுன்னு வந்திருக்கு பாருங்க ரிசல்ட்டு! போன மாசம் ஷோரூம்ல இருந்து வெளிய வந்த வண்டி மாதிரி. ஆறு மாசத்துக்குக் கவலை இல்ல. பிரிண்ட் வந்துடும். இதோ.

இருங்க, இருங்க, எழுந்துக்காதீங்க. ஒரு சின்ன உதவி. நீங்க நல்ல ஒசரம். உள்ள வரச்சொல்ல ஷட்டர்ல தலை இடிச்சிது பாருங்க, அப்பவே நெனச்சேன். ஏணியை மாடியில போட்டே வெச்சிருக்கேன். ஏழே படி. இந்தப் புது டைலைக் கொண்டுபோய் படிக்கட்டு ரூம் மேல, நடுவுல ஒரு சதுரம் தெரியும், அந்த எடம் மட்டும் கொஞ்சம் வெளுப்பா இருக்கும், அதுல வெச்சிட்டு வந்துடுங்க. ரெண்டு நிமிஷம். உங்க வேலையை நான் முடிச்சிக் குடுத்தேன் இல்ல? காலையில இருந்து வந்த மூணு பேரும் என்னைவிடக் குட்டை சார். அதான் உங்களைப் பார்த்ததும் உக்காத்தி வெச்சிப் பேசினேன்.

இன்னா யோசனை? சர்டிபிகேட்டு என் கையிலதான் இருக்கு. சும்மா சொன்னேன் சார், சிரிங்க. இந்தாங்க டைலு. ஓரத்தைப் புடிங்க, மேல வெரல் படக் கூடாது. வாங்க, மாடி வரைக்கும் நானும் நொண்டிக்கினே வரேன்.

...மெதுவா. புடிச்சிக்கினீங்களா? நான் இங்க ஏணிக்குக் கீழ நின்னு பார்த்துக்கறேன். ஏணி ஆடாது. ஏறுங்க. ஆங். தெரியுதா சதுரம்? அதேதான். அதுல கரெக்டா உக்காத்துங்க. பூ இருக்கற பக்கம் தண்ணி டேங்க்கைப் பார்த்து இருக்கணும். வெச்சாச்சா? எப்படி இருக்கு? வெள்ளையா இருக்கா? பளிச்சுன்னு தெரியுதா?

அப்பாடா.

எறங்குங்க, எறங்குங்க. பார்த்து. இருமறீங்களே, மேல காத்து கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், வாங்க, கடைக்கே போயிடலாம். கையைக் காட்டுங்க, கருப்பாயிடுச்சி, இந்தத் துணியில துடைச்சிக்கோங்க. இந்தாங்க உங்க சர்டிபிகேட்டு. சீலு நானே குத்திட்டேன், கொஞ்சம் கோணலா விழுந்துடுச்சி, பரவால்ல. நீங்க நல்லா இருக்கணும் சார். நாளைக்கிக் கோபி போட்டோ அனுப்பினா, சாயங்கால பஸ்ஸுல என் பேத்தி வந்துடும்.

சார்! சார், இன்னா பண்றீங்க? உதைக்காதீங்க, இங்க உதைக்காதீங்க! சாவியை எடுங்க. முக்கு வரைக்கும் தள்ளிக்கினே போயிடுங்க, அங்க போய் ஸ்டார்ட் பண்ணிக்கலாம். நாளைக்கிக் காலையில வரைக்குமாவது அந்த டைலு வெள்ளையா இருக்கட்டும்.